தாமான் வீட்டுப் பின்புறத்தில் மூலிகை: எதை வளர்க்கலாம், செம்பனைக்காட்டில் இருப்பதைப் பறிக்கலாமா?

லயத்துக்கொல்லை (கேள்வி)

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தாயிற்று. லயத்தில் இருந்த கொல்லை இங்கே இல்லை. பின்புறம் ஆறடி அகலத்தில் ஒரு துண்டு மண், பாதி நாள் வெயில், கனமழை பெய்தால் தண்ணீர் நிற்கும். வீட்டில் எட்டு மாதக் குழந்தை, ஆறு வயதுப் பையன், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் மாமியார்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. சளி இருமலுக்கு இந்த இடத்தில் எந்தச் செடிகள் நிலைக்கும், யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? தாமானுக்குப் பின்னால் இருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டு ஓரத்தில் கீழாநெல்லியும் வல்லாரையும் நிறையக் கிடக்கின்றன. பறித்து உபயோகிக்கலாமா? குழந்தைக்கு வசம்பு உரசிக் கொடு, வேப்பெண்ணெய் ஒரு சொட்டு கொடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

பச்சிலைப்பை

கீழாநெல்லியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் ஆள் மாறாட்டம் அதிகம். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் இருப்பதை மட்டும் பார்த்துப் பிடுங்கக் கூடாது. அப்படிக் காய்க்கிற செடி நம் ஊரில் ஒன்றுக்கு மேல் உண்டு. தண்டு பச்சையாக, காய் வழவழப்பாகச் சின்னக் காம்பில் தொங்கினால் நமக்கு வேண்டியது அது. தண்டு செம்மை ஓடி, காய் காம்பே இல்லாதது போல் ஒட்டிக்கொண்டு, விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தால் அது சிவப்பு வகை. மலாய்க்காரர்கள் இரண்டையுமே டுக்குங் அனாக் என்று சொல்வதால் சந்தைக் கட்டில் கலந்து வரும். வாங்கினாலும் பிரித்துப் பாருங்கள்.

மஞ்சள் காமாலைக்குப் பெரியவர்களுக்குச் செய்யும் முறை: பூவும் காயுமாக இருக்கும் செடியை வேரோடு பிடுங்கி, வேர்மண் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசி, அம்மியிலோ மிக்சியிலோ நைசாக அரைக்க வேண்டும். ஒரு நெல்லிக்காய் அளவு விழுது, ஒரு தம்ளர் புளிக்காத மோர், காலையில் வெறும் வயிற்றில் ஒரு வேளை. மூன்று நாள் கொடுப்பது வழக்கம், ஏழு நாளுக்கு மேல் போக வேண்டாம். அன்றன்றைக்கு அரையுங்கள். மூன்று நாளுக்குச் சேர்த்து அரைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்து, வாடை மாறிவிடும்.

வல்லாரைக்கும் ஒரு போலி இருக்கிறது. வல்லாரை இலை சிறுநீரக வடிவம், காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு இருக்கும். குடைக்குக் கம்பி நிற்பது போல் காம்பு இலையின் நடுவில் வந்து சேர்ந்தால் அது அலங்காரத்துக்கு வளர்க்கும் வேறு செடி. நர்சரிகளில் அதையும் பெகாகா (வல்லாரையின் மலாய்ப் பெயர்) என்று விற்கிறார்கள்.

மண்டோர்வேலை

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் செம்பனைக்காட்டு ஓரத்தில் பறிக்காதீர்கள். செடி தவறில்லை, இடம்தான் தவறு.

செம்பனையில் மரத்தைச் சுற்றிய வட்டத்துக்கும் குலை தூக்கும் பாதைக்கும் களைமருந்து அடிப்பது வழக்கமான வேலை. கீழாநெல்லி முளைப்பதும் அதே வெட்டவெளியில்தான். முன்பு பாராகுவாட் அடித்த காலத்தில் மறுநாளே இலை தீய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். மலேசியாவில் பாராகுவாட் 2020 சனவரி 1 முதல் தடை. இப்போது அதிகம் அடிப்பது கிளைபோசேட் போன்றவை. இவை இலை வழியாக இறங்கி வேர்வரை போகும், செடி மஞ்சளாகத் தொடங்கவே பல நாள் ஆகும். நேற்று மருந்து விழுந்த செடி இன்றைக்குப் பளிச்சென்று பச்சையாக நிற்கும். உள்ளே இறங்கியதை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டாலும் வெளியே எடுக்க முடியாது. கீழாநெல்லியை வேரோடு அரைக்கிறோம் என்பதால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

சாலையோரமும் கால்வாய்க் கரையும் அதே கணக்குத்தான், அங்கே நகராண்மைக் கழகத்தின் ஒப்பந்தக்காரர்கள் அடிப்பார்கள். வல்லாரை வாய்க்கால் ஈரத்தில் படர்வது. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி மூத்திரம் அந்த ஈரத்தில்தான் சேரும். அதைப் பச்சையாகச் சம்பலோடு சாப்பிடுவது சரியில்லை.

செய்ய வேண்டியது எளிது. காய் முற்றிய கீழாநெல்லிச் செடி இரண்டைக் கொண்டுவந்து, மண் நிரப்பிய தொட்டியின் மேல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். காய் வெடித்து விதை தானே விழும். மண்ணை மூடாமல் தண்ணீர் மட்டும் தெளித்து வாருங்கள். முளைத்து வளரும் அடுத்த தலைமுறைச் செடியை மருந்துக்கு எடுங்கள், கொண்டுவந்த தாய்ச்செடியைத் தூக்கி எறியுங்கள். வல்லாரைக்கு ஓடுகொடியில் வேர்விட்ட கணு ஒன்று போதும். அதன் பழைய இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு அகலமான, ஆழமில்லாத தொட்டியில் அரைநிழலில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் மட்டும். நன்றாகப் படர்ந்து புது இலை வந்த பிறகு பறிக்கத் தொடங்கலாம்.

தாதி_பேராக்

கீழாநெல்லி அளவைச் சொன்னவர் ஒன்றை விட்டுவிட்டார். மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயல்ல, பல நோய்களுக்கு வெளியே தெரியும் நிறம். ஹெப்படைட்டிஸ் ஏ என்றால் பெரும்பாலும் ஓய்வில் தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் கீழாநெல்லி குடித்தவர்கள் அதுதான் குணமாக்கியது என்று நம்புவார்கள். பித்தப்பைக் கல் குழாயை அடைத்திருந்தால் எந்தப் பச்சிலையும் கல்லை நகர்த்தாது. அதற்கு அடையாளம், மலம் வெளுத்து, மூத்திரம் தேயிலைச் சாயம் போல் கறுத்து, உடம்பு அரிக்கும். தோட்டப்புறத்தில் அதைவிடப் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். காய்ச்சல், கெண்டைக்கால் தொட முடியாத வலி, சிவந்த கண், பிறகு மஞ்சள். இது சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும். ஆண்டிபயாட்டிக் தேவை, ஒரு நாள் தாமதமும் கூடாது. ஆகவே கண் மஞ்சளானால் முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) இரத்தப் பரிசோதனை, காரணம் தெரிந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

1988ல் சென்னையிலிருந்து லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்பில் தங்கியவர்களில் பலருக்குக் கீழாநெல்லியால் அது நீங்கியதாகச் சொன்னது. பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த முதல் ஆய்வை மட்டும் காட்டி மருந்து விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பிறந்த குழந்தையின் மஞ்சளுக்கு எந்த மூலிகையும் வேண்டவே வேண்டாம். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) சோதனை செய்கிறார்கள், முடிவு குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். குறைபாடு உள்ள குழந்தைக்குச் சில பொருள்கள் பட்டாலே சிவப்பணுக்கள் உடையும். அந்துருண்டை போட்டு வைத்த துணிகூட ஆகாது. உங்கள் இரண்டு பிள்ளைகளின் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குப்பைமேனியைப் பற்றிக் கேட்கும்போது இது தேவைப்படும்.

பச்சிலைப்பை

தாதி சொல்வதை ஏற்கிறேன், பரிசோதனை முதலில் என்று நானே எழுதியிருக்க வேண்டும்.

இனி சளி இருமல். உங்கள் இடத்துக்கு நாலு செடி போதும்: கற்பூரவல்லி, தூதுவளை, துளசி, ஆடாதோடை.

கற்பூரவல்லியை ஓமவல்லி என்றும் சொல்வார்கள், மலாயில் பாங்குன்-பாங்குன். விரல் நீளத் தண்டை நட்டால் போதும், வேர் பிடிக்கும். பேராக் மழையில் தரையில் வைத்தால் அடித்தண்டு கறுத்து அழுகும். ஓட்டை பெரிதாக உள்ள தொட்டியில், மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணல் கலந்து, கூரை விளிம்புத் தண்ணீர் விழாத இடத்தில் வையுங்கள். இலை தடித்து, கிள்ளினால் வாசம் தூக்கலாக இருக்க வேண்டும். முழு நிழலில் வளர்ந்தால் இலை பெருத்துத் தண்ணீராகி வாசம் குறைந்துவிடும்.

ஆறு வயதுப் பையனுக்கு: இரண்டு முற்றிய இலையைத் தோசைக்கல்லில் வாட்டி, துணியில் வைத்துப் பிழிந்தால் அரைத் தேக்கரண்டிச் சாறு வரும். அரைத் தேக்கரண்டி தேன் சேர்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு, காலையும் இரவும், மூன்று நாள். வாட்டாமல் பச்சையாகப் பிழிந்தால் காரம் தொண்டையை எரித்துப் பிள்ளை வாந்தி எடுக்கும். வாட்டும்போது கருகவிடாதீர்கள், துவண்டால் போதும்.

தூதுவளைக்குத் தண்டிலும் இலை நடுநரம்பிலும் வளைந்த முள் இருக்கும். கத்தரிக்கோலால் நடுநரம்பை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடி இலையை அரைத் தேக்கரண்டி நெய்யில் வதக்கி, மிளகு, சீரகம், பூண்டோடு அரைத்து ரசம் வையுங்கள். முள்ளோடு மிக்சியில் போட்டால் அரைபடாமல் தொண்டையில் குத்தும். இது கொடி மாதிரி ஏறும், வேலிக் கம்பியோரம் நடுங்கள், தண்ணீர் தேங்காத மேடு வேண்டும்.

துளசிக்குப் பாதி நாள் வெயில் போதும். பூக்கதிரைக் கிள்ளிவிட்டுக்கொண்டே இருந்தால்தான் இலை தழைக்கும்.

ஆடாதோடை பெரியவர்களின் நெஞ்சுச் சளிக்கு. ஒரு சாண் தண்டை நட்டால் வேலியாகவே வளரும், ஆடுகூடத் தொடாது. நாலு இலையை நரம்பு நீக்கிக் கிழித்து, இரண்டு தம்ளர் தண்ணீரில் நாலு மிளகு தட்டிப் போட்டு, அரைத் தம்ளராகச் சுண்டவிட்டு, வடிகட்டி, காலை மாலை இரண்டு பங்காகக் குடிக்கலாம். மூன்று நாள். கசப்பு மிகுதி, வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டும். கடையில் விற்கும் புரோம்ஹெக்சின் என்ற சளி மாத்திரையே ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியாக வைத்து உருவானதுதான். அந்த வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. சிறுபிள்ளைகளுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கஷாயம் எதுவானாலும் மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ காய்ச்சுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், துவர்ப்போடு சேர்ந்து கறுத்துவிடும். பழைய அலுமினியச் சட்டியும் ஆகாது.

தாதி_பேராக்

எட்டு மாதக் குழந்தைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் விதை குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும், காய்ச்சினாலும் அந்த விதை சாகாது. மூக்கு அடைத்தால் உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி தாய்ப்பால், அவ்வளவுதான். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால், அல்லது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், உடனே மருத்துவமனை.

ஆறு வயதுப் பையனுக்கு நொச்சி வேது பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கொதிக்கும் சட்டியை வைத்துப் போர்வை மூடுவதில் வெந்நீர் கொட்டி வெந்துபோன பிள்ளைகள் வருகிறார்கள். வேண்டாம்.

அடுத்து வேப்பெண்ணெய். வாயில் கொடுக்கவே கூடாது. இது எங்கேயோ நடந்த கதையல்ல. 1981ல் லான்செட் இதழில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதியது நம் நாட்டுக் குழந்தைகளைப் பற்றித்தான். சளிக்கென்று வேப்பெண்ணெய் புகட்டிய குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு, மூளைவீக்கம், கல்லீரல் கோளாறு வந்தது. சொட்டு என்று தொடங்குவது தேக்கரண்டியில் போய் முடிகிறது. கொடுத்துவிட்டிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை சொல்கிறது. அதன் எண்ணைக் கைப்பேசியில் போட்டுவையுங்கள்.

வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குச் சோதனையில் புற்று உண்டாக்கியதால் அமெரிக்கா 1968லேயே உணவில் தடை செய்தது. இந்திய வசம்பில் இது அதிகம். விளக்கில் சுட்டு உரசி நாக்கில் தடவுவதை நிறுத்துங்கள். கையில் கட்டிவிடும் வசம்பு வளையலையும் குழந்தை வாயில் வைத்துச் சப்பும், அதுவும் வேண்டாம்.

லயத்துக்கொல்லை

அனைவருக்கும் நன்றி. புத்தகத்தைப் பார்த்தேன், பெரியவனுக்கு ஜி6பிடி குறைபாடு என்று முத்திரை இருக்கிறது. குப்பைமேனி பற்றிச் சொன்னீர்களே, அவனுக்குச் சிரங்குக்கு அரைத்துப் பூசலாமா? இன்னொன்று, தாமானில் டிங்கிக் (டெங்கு) காய்ச்சலுக்குப் பப்பாளி இலைச் சாறும் நிலவேம்பும் கொடுக்கிறார்கள். மாமியாருக்கு நிலவேம்புக் கஷாயம் தினமும் கொடுக்கலாமா?

தாதி_பேராக்

அவனுக்குக் குப்பைமேனி உள்ளே போகவே கூடாது. சளி எடுக்கச் சாறு குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் உண்டு. ஜி6பிடி குறைந்தவர்கள் குப்பைமேனியைச் சாப்பிட்டு இரத்தம் உடைந்து மருத்துவமனைக்கு வந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூத்திரம் கோலா நிறத்தில் போகும், உதடு நீலமாகும். மற்றவர்களுக்கு இலையோடு மஞ்சளும் கல்லுப்பும் அரைத்துப் பூசி, கால் மணி நேரத்தில் கழுவிவிடுவது வழக்கம். உங்கள் பையனுக்குப் பூசவும் வேண்டாம், புண்ணான தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகும் என்று கணக்கிட முடியாது. சிரங்குக்குக் கிளினிக்கில் பூச்சு மருந்து கொடுப்பார்கள், வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூசி, துணி படுக்கையை வெந்நீரில் துவைத்தால்தான் போகும்.

பப்பாளி இலைக்கு நம் நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது, 2013ல் வெளியானது, மருத்துவ ஆய்வுக் கழகத்தினர் செய்தது. டிங்கி வந்த பெரியவர்களுக்கு 50 கிராம் பச்சை இலையின் சாறு, காலை உணவுக்குப் பிறகு, நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள். பிளேட்லெட் எண்ணிக்கை சீக்கிரம் ஏறியது. கொடுப்பதென்றால் அந்த அளவுதான். காம்பையும் நடுநரம்பையும் நீக்கி, தராசில் நிறுத்து, இடித்துப் பிழிந்து, உடனே குடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கான அளவு அந்த ஆய்வில் இல்லை, கர்ப்பிணிக்குக் கூடாது.

ஆனால் டிங்கியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல. இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழுவதுதான். அது காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் நடக்கும். பப்பாளி குடித்துக் காய்ச்சல் விட்டது என்று வீட்டார் நிம்மதியாகும் அதே நேரம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இதில் ஒன்று வந்தாலும் மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென், பொன்ஸ்தான் வேண்டாம்.

பச்சிலைப்பை

நிலவேம்பு என்பதும் நிலவேம்புக் குடிநீர் என்பதும் வேறு வேறு. இங்கே ஹெம்பெடு பூமி என்று விற்பது செடி மட்டும். குடிநீர்ச் சூரணத்தில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என மொத்தம் ஒன்பது சரக்கு சேரும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் அளவு, 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாகச் சுண்டவைத்து, வடிகட்டி, ஆறவைத்து அப்போதே குடிப்பது. காலையில் காய்ச்சியதை இரவுக்கு வைத்துச் சூடு பண்ணுவது வேண்டாம்.

உங்கள் மாமியாருக்குத் தினமும் வேண்டாம். நிலவேம்பு சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியது, மாத்திரையும் அதே வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்து வியர்த்து மயங்கி விழுந்தால் காரணம் கண்டுபிடிக்கவே நேரமாகும். அவருக்கு வல்லாரைத் துவையல் வாரத்துக்கு இரண்டு முறை போதும். ஒரு கைப்பிடி இலையை வதக்கி, தேங்காய், உளுத்தம்பருப்பு, ஒரு மிளகாய், புளி சிறிது சேர்த்து அரையுங்கள்.

மண்டோர்வேலை

கடையில் பொட்டலமாக வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். மலேசியாவில் தயாரித்துப் பொட்டலம் கட்டி விற்கும் பாரம்பரிய மருந்துக்குச் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்க வேண்டும்: எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கம், அதன்பின் டி (T) எழுத்து. கூடவே ஹாலோகிராம் ஒட்டு. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டினால் பெயர் ஒத்துப்போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் மூட்டுவலிச் சூரணம் இரண்டே நாளில் வலியை எடுத்துவிட்டால் சந்தேகப்படுங்கள். அந்த மாதிரிப் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் மாமியாரின் சர்க்கரை எகிறும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

தண்ணீர் நிற்கும் அந்த ஆறடிக்கு: செங்கல் இரண்டு வரிசை அடுக்கி, அதன்மேல் தொட்டிகளை வையுங்கள், ஆடாதோடையை மட்டும் மேடு கட்டித் தரையில் நடலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், தட்டில் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டை வைக்கும். சுகாதாரத் துறையினர் வந்து பார்த்தால் அபராதம் உண்டு.